தரை தொட்ட விமானம் துள்ளியது ஏன்?

கேள்வி:

நான் குளச்சலில் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவன். என் மூத்த மகளுக்கு 20 வயது. விமானி ஆகவேண்டும் என்று பள்ளிக்கூடத்திலிருந்தே ஒரே பிடியாக நின்றாள். வீட்டை ஈடு வைத்து, வங்கியிலும் கடன் வாங்கி, வடநாட்டில் ஒரு பயிற்சிப் பள்ளியில் சேர்த்தேன். 40 மணி நேரம் பறந்துவிட்டாள்.

மூன்று வாரத்துக்கு முன் செஸ்னா 152 விமானத்தில் தனியாகப் பறந்து இறங்கும்போது, விமானம் தரையில் இடித்துத் துள்ளியிருக்கிறது. முன்சக்கரம் ஒடிந்து, புரொப்பெல்லர் வளைந்து, ஓடுபாதை ஓரத்தில் போய் நின்றது. கடவுள் கிருபையால் அவளுக்கு ஒரு கீறல்கூட இல்லை. விசாரணை முடியும்வரை பறக்க வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். "மூணு தடவை குதிச்சுது அப்பா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்கிறாள். நடு ராத்திரியில் எழுந்து உட்கார்ந்திருக்கிறாள். சொந்தக்காரர்களோ, புதுக்கோட்டைப் பக்கம் நடுரோட்டில் விமானம் இறங்கிய படத்தைப் போனில் காட்டி, "பொம்பளப் பிள்ளைக்கு இது தேவையா?" என்று கேட்கிறார்கள்.

அவளுக்கு இந்த வேலை ஆகாதா? லைசென்ஸ் போய்விடுமா? படிப்பை நிறுத்திவிடட்டுமா?

– சே. அ., குளச்சல்.

பதில்:

அன்புள்ள சே. அ. அவர்களுக்கு,

உங்கள் மூன்று கேள்விக்கும் முதலில் மூன்று வரியில் பதில் சொல்லிவிடுகிறேன். ஓர் இறக்கம் பிசகியதை வைத்து உங்கள் மகளுக்கு இந்த வேலை ஆகாது என்று யாரும் முடிவுகட்ட முடியாது. அந்த ஒரு காரணத்துக்காக மட்டும் லைசென்ஸ் தானாகப் பறிபோய்விடாது. படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்ற முடிவை, பிள்ளை தூங்காமல் இருக்கும் இந்த நாட்களில் எடுக்காதீர்கள்.

உங்கள் பயத்தை நான் லேசாக எண்ணவில்லை. பயிற்சியில் உயிர் போனதே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் உயிரைப் பறிக்கும் விபத்துகள் பெரும்பாலும் வேறு வகை. தாழ்வான உயரத்தில் வேகம் குறைந்து இறக்கை தாங்கும் சக்தியை இழப்பது (இதை ஸ்டால் என்போம்), மேகத்துக்குள் நுழைந்து திசை தெரியாமல் போவது போன்றவை அவை. ஓடுபாதையில் நடக்கும் இறக்க விபத்துகள்தான் பயிற்சியில் அடிக்கடி வருபவை. அவற்றில் பெரும்பாலும் உலோகம்தான் சேதமாகும். செஸ்னா 152 தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு 80, 90 கிலோமீட்டர்தான். காவல்கிணறு நாற்கரச் சாலையில் போகும் காரின் வேகம் அது. உங்கள் மகள் பெல்ட்டோடு உட்கார்ந்திருந்தாள். அடியைச் சக்கரத் தண்டும் புரொப்பெல்லரும் வாங்கிக்கொண்டன.

புதுக்கோட்டைச் சம்பவத்தையும் இதையும் ஒன்றாகப் பார்க்க வேண்டாம். 2025 நவம்பர் 13 அன்று சேலத்திலிருந்து கிளம்பிய ஒரு பயிற்சி விமானம் திருச்சி–புதுக்கோட்டை நெடுஞ்சாலையில் இறங்கியது. அது அவசர இறக்கம். விமான நிலையத்துக்குப் போய்ச்சேர முடியாதபோது, கிடைத்த இடத்தில் இறக்குவது. அதில் இருந்த இருவரும் உயிரோடு வெளியே வந்தார்கள். உங்கள் மகளுக்கு நேர்ந்தது, ஓடுபாதைக்குச் சரியாக வந்துசேர்ந்து கடைசிச் சில நொடிகளில் ஏற்பட்ட பிசகு. காரணமும் வேறு, மருந்தும் வேறு.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் பயிற்சி விமானத்தின் வலதுபக்க இருக்கையில், அதாவது பயிற்றுநர் இருக்கையில், உட்கார்ந்தவன் நான். உங்கள் மகள் சொன்ன அந்த ஒரு வரியிலேயே முக்கால்வாசி விவரம் இருக்கிறது. மூன்று தடவை குதித்தது என்கிறாள். அந்த மூன்றையும் தனித்தனியாகப் பார்ப்போம்.

முதல் குதிப்பு எவருக்கும் வரும். விமானம் இறங்கி வரும்போது தரைக்குச் சில அடி உயரத்தில் மூக்கை மெல்லத் தூக்கி, இறங்கும் வேகத்தைக் கரைக்க வேண்டும். இதற்கு ஃப்ளேர் (தரை தொடும் முன் மூக்கை உயர்த்திச் சமன் செய்தல்) என்று பெயர். சரியாகச் செய்தால் பின்னால் இருக்கும் இரண்டு பெரிய சக்கரங்கள் முதலில் தரையைத் தொடும். முன்சக்கரம் பிறகு தானாக இறங்கும். சற்று முன்னதாகத் தூக்கினால் விமானம் உயரத்திலேயே வேகம் இழந்து தொப்பென்று விழும். சற்றுத் தாமதித்தால் முன்சக்கரம் முதலில் இடிக்கும். விமானத்தின் பாரம் முன்சக்கரத்துக்குப் பின்னால் இருப்பதால், அது இடித்தவுடன் மூக்கு மேலே எகிறும். மூக்கு எகிறினால் இறக்கைக்குத் தாங்கல் கூடும். விமானம் மறுபடி காற்றில் ஏறும். இதுதான் பவுன்ஸ் (தரையைத் தொட்டுத் துள்ளுதல்).

இரண்டாவது குதிப்பு கையால் வருவது. விமானம் எழும்பியதும், "கீழே இறக்கு" என்று கை தானாகக் கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முன்னால் தள்ளும். அது மனித இயல்பு. ஆனால் விமானம் அதற்கு இணங்கக் கொஞ்சம் நேரம் எடுக்கும். அதற்குள் அது வேகம் இழந்து தானாகவே கீழே வரத் தொடங்கியிருக்கும். தள்ளியதும் சேர்ந்துகொள்ள, முன்சக்கரம் முன்னைவிட பலமாக இடிக்கும். மறுபடி எகிறும். இப்போது விமானமும் விமானியும் ஒருவரை ஒருவர் துரத்துகிறார்கள். ஒவ்வொரு முறையும் கை ஒரு நொடி பிந்துகிறது.

மூன்றாவதில் உடையும். முன்சக்கரத் தண்டு மெலிந்தது. அது விமானத்தைத் திருப்பவும் தாங்கவும் உள்ளதே தவிர, முழு இடியையும் வாங்க அல்ல. புரொப்பெல்லரின் நுனிக்கும் தரைக்கும் இடையே சுமார் ஓர் அடிதான் இடைவெளி. தண்டு மடங்கினால் புரொப்பெல்லர் தரையை வெட்டும்.

ஆகவே முதல் குதிப்புக்காக அவள் வெட்கப்பட வேண்டியதில்லை. முதலுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் இருந்த அந்த இரண்டு நொடியில்தான் அவள் கற்க வேண்டிய பாடம் இருக்கிறது. அங்கே செய்ய வேண்டியது இறக்கத்தைக் கைவிடுவது. த்ராட்டிலை (எஞ்சின் விசையைக் கூட்டும் கைப்பிடி) முழுதாகத் திறந்து, மூக்கைச் சமநிலையில் பிடித்து, வேகம் கூடக்கூட ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் இறங்கும் தகடு) படிப்படியாக மடக்கி, மேலே ஏறி, ஒரு சுற்று சுற்றி மறுபடி வருவது. இதற்கு கோ-அரவுண்ட் (மறுசுற்று) என்று பெயர்.

இதை உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். கச்சான் காற்று வீசும் ஆனி ஆடியில் வள்ளத்தைக் கரைபிடிக்கும்போது என்ன செய்வீர்கள்? அலை உடையும் இடத்துக்கு வெளியே நின்று, பெரிய அலைகள் போகட்டும் என்று பார்த்திருந்து, ஒன்றின் முதுகுக்குப் பின்னால் உள்ளே வருவீர்கள். பாதி வழியில் கணக்குத் தப்பி, பின்னால் இன்னொரு பெரிய அலை எழுந்தால், கரை இருபது பாகத்தில் தெரிகிறதே என்று அடித்துப்பிடித்து ஏறுகிறவன் வள்ளத்தைக் கவிழ்ப்பான். தேர்ந்தவன் அணியத்தைக் கடலுக்குத் திருப்பி மறுபடி வெளியே போவான். கரையில் நிற்பவர்கள் அவனைக் கோழை என்று சொல்வதில்லை. விமானத்திலும் அப்படியே.

அந்த முதல் குதிப்பு ஏன் வந்தது என்பதற்குச் சாதாரணமாக நான்கு காரணங்கள் உண்டு. இவற்றில் எது பொருந்தும் என்று உங்கள் மகளும் அவள் பயிற்றுநரும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

முதலாவது, கூடுதல் வேகம். இந்த விமானம் ஓடுபாதையை நெருங்கும்போது சுமார் 60 நாட் (மணிக்கு 111 கிலோமீட்டர்) வேகத்தில் வரவேண்டும். பயத்தில் மாணவர்கள் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார்கள். 60 என்பது 66 ஆனால் வேகம் பத்தில் ஒரு பங்குதான் கூடுகிறது. ஆனால் கரைக்க வேண்டிய சக்தி 21 சதவீதம் கூடிவிடுகிறது. அதோடு, தரைக்கு மேல் இறக்கையின் நீளம் அளவு உயரத்துக்குள், அதாவது சுமார் 10 மீட்டருக்குள் வந்ததும், கிரவுண்ட் எஃபெக்ட் (தரைக்கு அருகே இறக்கைக்குக் கிடைக்கும் கூடுதல் தாங்கல்) சேர்ந்துகொள்ளும். விமானம் இறங்காமல் மிதந்துகொண்டே போகும். ஓடுபாதை தீர்கிறதே என்ற பதற்றத்தில் மாணவர் அதை வலுக்கட்டாயமாகத் தரையில் அழுத்துவார். முன்சக்கரம் முதலில் இடிப்பதற்கு நான் பார்த்த வரையில் இதுதான் முதற்காரணம்.

இரண்டாவது, பாரம். இது பலர் யோசிக்காத ஒன்று. இந்த விமானத்தின் உச்ச எடையே 757 கிலோதான். பயிற்றுநர் இறங்கிவிட்டால் 70, 80 கிலோ குறைகிறது. கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு. தனியாகப் பறக்கும்போது அதே விமானம் சீக்கிரம் மேலே ஏறும், இறங்கும்போது அதிகம் மிதக்கும். நேற்றுவரை பழகிய கைக்கு இன்று அது வேறு விமானமாகத் தோன்றும்.

மூன்றாவது, காற்று. தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆடிக்காற்றில் பைக் ஓட்டியவர்களுக்கு இது புரியும். மலையிடுக்கில் புகுந்து வரும் காற்று பைக்கைப் பக்கவாட்டில் தள்ளும். ஓட்டுபவர் காற்று வரும் பக்கம் உடம்பைச் சாய்த்துக்கொண்டு நேராகப் போவார். முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்பது அந்தக் காற்றை நம்பித்தானே. ஓடுபாதைக்குக் குறுக்கே காற்று வீசும்போது விமானியும் காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தாழ்த்தி, மூக்கைப் பாதைக்கு நேராகப் பிடிக்க வேண்டும். செஸ்னா 152-ஐத் தயாரித்தவர்கள் இறக்கிக் காட்டிய குறுக்குக் காற்றின் அளவு 12 நாட், மணிக்கு 22 கிலோமீட்டர். தனியாகப் பறக்கும் மாணவருக்கு இதைவிடக் குறைவான அளவைத்தான் வைக்க வேண்டும். அன்றைக்குக் காற்று எவ்வளவு இருந்தது என்று கேளுங்கள்.

நான்காவது, கண். தரை நெருங்க நெருங்க, பார்வை மூக்குக்கு முன்னால் இருக்கும் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். அப்போது உயரத்தைக் கணிக்க முடியாது. பார்வை ஓடுபாதையின் மறுகோடிக்குப் போகவேண்டும். களைப்பிலும், உச்சிவெயிலில் தரை சூடாகி விமானம் குலுங்கும்போதும் இந்தத் தவறு அதிகம் வரும்.

இனி லைசென்ஸ். விபத்து நடந்தால் பள்ளி அதை அரசுக்குத் தெரிவிக்கும், சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமோ (டி.ஜி.சி.ஏ.) விமான விபத்து விசாரணை அமைப்போ அதைப் பார்க்கும். விபத்து விசாரணைக்கு உலக நாடுகள் ஒப்புக்கொண்ட விதி ஒன்று உண்டு: விசாரணையின் ஒரே நோக்கம் இன்னொரு விபத்தைத் தடுப்பது, யார்மீதும் பழியைச் சுமத்துவது அதன் வேலை அல்ல. எனவே உங்கள் மகள் நடந்ததை நடந்தபடியே சொல்லட்டும். "கட்டுப்பாட்டுச் சக்கரத்தை முன்னால் தள்ளினேன்" என்று சொல்வதால் அவள் சிறுமைப்பட மாட்டாள். அந்த உண்மை அடுத்த மாணவரைக் காப்பாற்றும். "காற்று திடீரென்று தூக்கிவிட்டது" என்று எழுது என யாராவது சொல்லிக்கொடுத்தால் அதைக் கேட்க வேண்டாம். இது போன்ற நிலையில் வழக்கமாகச் சொல்லப்படுவது, திருத்தப் பயிற்சி எடுத்து, சோதனைப் பறப்பில் தேறிவிட்டுத் தொடர வேண்டும் என்பதுதான். வணிக விமானி உரிமத்துக்கு மொத்தம் 200 மணி நேரம் பறக்க வேண்டும். அவள் 40-ல் நிற்கிறாள். கற்றுக்கொள்ளத்தான் மீதி 160 மணி நேரம் இருக்கிறது.

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. புரொப்பெல்லர் தரையில் அடித்தால் அதை மாற்றுவதோடு வேலை முடியாது. எஞ்சினுக்குள் இருக்கும் தண்டு பாதிக்கப்பட்டதா என்று எஞ்சினைப் பிரித்துப் பார்க்க வேண்டும். செலவு பெரிது. பள்ளியில் சேரும்போது கையெழுத்திட்ட ஒப்பந்தத்தை எடுத்து, காப்பீடு எதுவரை ஏற்கிறது, மாணவர் பங்கு ஏதாவது உண்டா என்று படித்துப் பாருங்கள். வாய்ச்சொல்லை நம்பிப் பணம் கட்டவேண்டாம், எழுத்தில் கேளுங்கள். இந்தப் பேச்சை மகளின் முன்னால் பேசவேண்டாம்.

அடுத்து, செய்ய வேண்டியவை.

வீட்டில்: அவளாகப் பேசும்வரை துருவிக் கேட்காதீர்கள். ஒரு நோட்டைக் கொடுத்து, அன்று காலை எழுந்தது முதல் விமானம் நின்றதுவரை வரிசையாக எழுதச் சொல்லுங்கள். எழுதினால் மனதில் சுற்றிச் சுற்றி வருவது ஓரிடத்தில் நிற்கும். தூக்கமின்மை ஒரு மாதத்தைத் தாண்டினால், ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பாருங்கள். அதில் அவமானம் எதுவும் இல்லை. விமானிகளுக்கான மருத்துவப் பரிசோதனையில் அதையும் மறைக்காமல் சொல்லவேண்டும்.

பள்ளியில்: தலைமைப் பயிற்றுநரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். அன்று தனியாக அனுப்பும் முன் அதே நாளில் அவளோடு யாராவது பறந்து பார்த்தார்களா? அவள் இறங்குவதைப் பயிற்றுநர் தரையிலிருந்து கவனித்தாரா? துள்ளினால் மீள்வது எப்படி என்று அதற்கு முன் எத்தனை முறை பழக்கினார்கள்? பொறுப்புள்ள பள்ளி இவற்றுக்குக் கோபப்படாமல் பதில் சொல்லும். பதில் மழுப்பலாக இருந்தால், பள்ளியை மாற்றுவது பற்றி யோசிக்கலாம்; படிப்பை அல்ல.

மறுபடி பறக்கும்போது: முதல் பறப்பு பயிற்றுநருடன் இருக்கட்டும். ஓடுபாதைக்கு மேல் ஓர் ஆள் உயரத்தில், இறங்காமலே கடைசிவரை பறந்து மேலே ஏறும் பயிற்சியைக் கேட்கட்டும். கண்ணுக்கு உயரம் பிடிபட இதைவிட நல்ல வழி இல்லை. அடுத்து கோ-அரவுண்டைப் பத்து முறையாவது செய்யட்டும். இரண்டு முறை உயரத்திலிருந்து, மற்றவை சக்கரம் தரையைத் தொடப்போகும் நேரத்தில். பிறகு பயிற்றுநர் வேண்டுமென்றே சிறிதாகத் துள்ளவிட்டு, அவள் மீட்க வேண்டும். குறுக்குக் காற்று அதற்கும் பிறகு. தனிப் பறப்பு, காற்று அடங்கிய ஒரு காலை நேரத்தில்.

எனக்கும் இது நடந்திருக்கிறது. மாணவனாக இருந்தபோது ஒருநாள் வேகம் கூடி மிதந்து, அழுத்தி இறக்கி, இரண்டு முறை துள்ளி, டயர் வெடித்துப் புல்லில் போய் நின்றேன். பல நாள் விமானத்தின் பக்கமே போகவில்லை. ஒரு மூத்த பயிற்றுநர் என்னைத் தேடி வந்து, "இன்றைக்கு நீ இறக்கவே வேண்டாம், மேலே ஏறிக்கொண்டே இரு" என்றார். அன்று முழுவதும் அதைத்தான் செய்தோம். மாலையில் நானாகவே இறக்கினேன். பின்னாளில் என் மாணவர்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுத்ததும் அதுதான்.

உங்கள் சொந்தக்காரர்களுக்கு ஏமி ஜான்சனைப் பற்றிச் சொல்லுங்கள். 1930 மே 5 அன்று லண்டனை அடுத்த குராய்டனிலிருந்து ஒற்றை எஞ்சின் விமானத்தில் தனியாகக் கிளம்பினார். வழியில் நம் ஜான்சியில் ராணுவ மைதானத்தில் இறங்கும்போது இடித்து இறக்கை சேதமானது. ரங்கூனுக்கு அருகே இன்செய்னில் ஒரு விளையாட்டுத் திடலில் இறங்கிப் பள்ளத்தில் விழுந்து, சக்கரத் தண்டும் புரொப்பெல்லரும் உடைந்தன. உங்கள் மகளுக்கு நேர்ந்ததேதான். அங்கேயே பழுதுபார்த்துக்கொண்டு கிளம்பி, மே 24 அன்று ஆஸ்திரேலியாவின் டார்வினில் இறங்கினார். இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குத் தனியாகப் பறந்த முதல் பெண் அவர்தான்.

எல்லாம் முடிந்தபின், "எனக்கு இது வேண்டாம்" என்று அவளே நிதானமாகச் சொன்னால் அதையும் மதியுங்கள். ஆனால் அது பயத்தில் சொன்ன வார்த்தையாக இருக்கக் கூடாது. மறுபடி ஒருமுறை பறந்து இறங்கியபின் சொன்ன வார்த்தையாக இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. அவளிடம் இதையெல்லாம் எடுத்துச்சொல்ல என்னைவிடத் தகுதியான ஆள் நீங்கள்தான். இன்று சாயங்காலம் அவளைக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். விமானத்தைப் பற்றிப் பேச வேண்டாம். வள்ளத்தைக் கரைபிடிக்க முடியாமல் திரும்பிப்போன ஒரு நாளைச் சொல்லுங்கள். எத்தனை முறை வெளியே போய் நின்றீர்கள், எந்த அலையை விட்டீர்கள், எந்த அலையின் பின்னால் வந்தீர்கள் என்று சொல்லுங்கள். சொல்லிவிட்டு, "திரும்பிப் போனதுனாலதான் மக்களே, நான் வீட்டுக்கு வந்தேன்" என்று முடியுங்கள்.

அவளுக்குப் புரியும். அந்த மூன்று குதிப்பையும் அவளே உங்களுக்குச் சொல்லத் தொடங்குவாள்.